ஜூன் ஒன்றில் எதுவும் நடக்கவில்லை

ஏப்ரல் 16

காலை 7.55. தேரி எஃப்.எம்.மில் ‘இசையில் இன்று’, 611ஆவது ஒலிபரப்பு. ஐந்து நிமிடம், ஐந்து செய்தி. ஒரு பிறப்பு, ஒரு இறப்பு, ஒரு முதல் ஒலிப்பதிவு, ஒரு இசைத்தட்டு வெளியீடு, ஒரு சண்டை என்பது கணக்கு. சண்டைக்குத் தேதி கிடைப்பது கடினம். கோபத்தில் இருப்பவர்கள் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை.

இன்றைய ஐந்தாவது செய்தி, கல்யாண வீடுகளில் இன்றும் ஒலிக்கும் அந்த ஊஞ்சல் பாட்டின் இசைத்தட்டு 1979இல் வெளியானது. பாடகி பெயர், இசையமைப்பாளர் பெயர், ‘மற்றும் குழுவினர்’ என்று இசைத்தட்டின் உறையில் இருந்தபடியே படித்தேன்.

மனைவி லீலா கேட்டாள். நன்றாக இருந்தது என்றாள். பிறகு தேங்காய் வாங்கி வரச் சொன்னாள்.

ஏப்ரல் 18

நிலையத்துக்கு எனக்கு ஒரு தபால் அட்டை வந்திருக்கிறது. முழுவதும் இதுதான்:

“திரு. தேவஇரக்கம் அவர்களுக்கு. ஊஞ்சல் பாட்டில் ‘மற்றும் குழுவினர்’ என்று சொன்னீர்கள். அந்தக் குழுவினர் நான். இப்படிக்கு, அமலோற்பவம், பெருமாள்புரம்.”

தொலைபேசித் துறையில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவன் நான். புகார்களுக்கு ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்ற பிறகும் விதி விதிதான்.

ஏப்ரல் 20

பெருமாள்புரம் போனேன். அமலோற்பவம் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் ரேடியோவா?”

ஆமாம் என்றேன்.

“குரலுக்கு ஆள் இன்னும் கொஞ்சம் உசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன். பரவால்ல, உள்ள வாங்க.”

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குழுவினர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒருவர்தானே என்று கேட்டேன்.

“ஆறு பேரு. மத்த அஞ்சு பேரும் போய்ச் சேந்துட்டாவ. இப்ப குழுவினர்னா நான்தான்.”

‘குழுவினர்: ஒருவர்’ என்று குறித்துக்கொண்டேன்.

சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கோரஸ் பாடியிருக்கிறார். ஆறு பேருக்கு ஒரு மைக். இவர் பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது. “எனக்கு முன்னால நிக்கவ குட்டை. அதனால என் குரல் ஒரு பொடி தூக்கலா விழும். கேட்டுப் பாருங்க, தெரியும்.” எத்தனை பாட்டு என்று கேட்டதற்கு, “நாங்க பாட்டு பாடல தம்பி. பாட்டுக்குள்ள ‘ஆ’ பாடுவோம், ‘ஓ’ பாடுவோம். லாலலா கொஞ்சம் கம்மி” என்றார்.

பெயர் ஓரிடத்திலாவது வந்திருக்கிறதா என்றேன்.

“சம்பளச் சீட்டுல வந்துருக்கு.”

என்ன வேண்டும் என்று கேட்க நான் போகவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன். காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்:

“ஆளுக உக்காந்திருக்கும்போது, மைக்குல, ஒருத்தர் என் பேரச் சொல்லணும். ஒரே ஒரு தடவ போதும். ரேடியோல வேண்டாம், அது காத்தோட போயிரும்.”

புறப்படும்போது நிகழ்ச்சிக்கான என் குறிப்பு அட்டைக்காகப் பிறந்த தேதி கேட்டேன். சங்க உறுப்பினர் அட்டையைக் காட்டினார். 1.6.1949. சொந்த ஊர் ஆசீர்வாதநேரி. என் ஊர்.

வீட்டுக்கு வந்து ஊஞ்சல் பாட்டைப் பதினோரு முறை கேட்டேன். இடமிருந்து மூன்றாவது குரல் தெரிந்தது. தெரிந்தது என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 23

என்னிடம் நாளுக்கு ஒன்றாக உள்ள 366 குறிப்பு அட்டைகளில் ஜூன் 1 மட்டும் காலி. போன ஆண்டு அன்று தொண்டை கட்டியிருந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது அதில் எழுத ஒன்று கிடைத்தது. கூடவே ஒரு யோசனையும். ஆசீர்வாதநேரியிலிருந்து திரை இசைக்குப் போனவர்கள் இன்னும் மூன்று பேர்: கிளாரினெட் ராஜநாயகம், தபலா பால்துரை, ஒரே ஒரு படத்துக்கு இசையமைத்த வேதமாணிக்கம். மூவருமே காலமாகிவிட்டார்கள். குடும்பத்தாரைத் தொலைபேசியில் பிடித்துப் பிறந்த தேதி கேட்டேன்.

ஜூன் 1. ஜூன் 1. ஜூன் 1.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நான்கு பேரும் ஜூன் ஒன்றிலேயே பிறக்க வாய்ப்பு, என் கணக்குப்படி, ஆயிரத்து எழுநூற்று எழுபத்து நான்கு கோடியில் ஒன்று. லீலாவிடம் சொன்னேன்.

“நம்ம பால்காரருக்கும் ஜூன் ஒண்ணுதான்” என்றாள்.

பால்காரர் இசைத்துறையில் இல்லை என்று விளக்கினேன்.

“அவரும் உங்க ஊர்தான். நீங்களும் ஜூன் ஒண்ணுதான?”

நான் இசைத்துறையில் ஓரளவு இருக்கிறேன் என்றேன். அவள் வெங்காயம் உரித்தாள். கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால்தான்.

ஏப்ரல் 27

நிலைய மேலாளர் நிவாசிடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயதுக்குள் இருப்பார். நான் பேசினால் பொதுவாகக் கைப்பேசியைப் பார்ப்பார். இன்று என்னைப் பார்த்தார்.

“சார், ஒரே ஊரு, ஒரே நாளு, நாலு மியூசிஷியன்ஸுங்களா? இது பெருசா போகுமுங்க. ‘இசை பிறந்த நாள்’னு ஃபங்ஷன் வெச்சுப்போடலாங்க. ஸ்பான்சருக்கு ஜவுளிக்கடைக்காரங்ககிட்ட நான் பேசறேன்.”

நால்வரில் உயிரோடிருப்பவர் ஒருவர்தான் என்றேன். மேடையில் அவர் பெயரைச் சொல்லிச் சால்வை போட வேண்டும், அது மட்டும் நடந்தால் போதும் என்றேன்.

“அவங்கதானுங்க சீஃப் கெஸ்ட்டே!”

அமலோற்பவத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டு அனுபவத்தில், இணைப்பு அறுந்ததற்கும் மறுமுனையில் ஆள் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இணைப்பு இருந்தது.

“எந்தச் சேலை கட்ட?” என்றார் பிறகு.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடக்கம். மின்விசிறி நின்றுவிட்டது.

மே 5

மின்விசிறியைக் கழற்றினேன்.

மே 6

மாட்ட ஆள் வந்தார். நான் கழற்றியது தவறான பகுதியாம்.

மே 9

சான்றுக்காக ஆசீர்வாதநேரிப் பள்ளிக்குப் போனேன். வானொலியில் சொல்வதற்கு ஆவணம் வேண்டும். விடுமுறையிலும் தலைமையாசிரியை இருந்தார். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். 1954ஆம் ஆண்டுப் பக்கத்தில் அமலோற்பவத்தின் பெயர் இருந்தது. 1.6.1949. சரி.

அந்தப் பக்கத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். நாற்பத்தொருவருக்கும் 1.6.1949.

அடுத்த ஆண்டுப் பக்கத்தில் முப்பத்தெட்டு பேர். எல்லாருக்கும் 1.6.1950. என் ஆண்டுப் பக்கத்தில் என் பெயர் பதினேழாவது. எனக்கு மேலே பதினாறு பேர், எனக்குக் கீழே இருபது பேர். அனைவருக்கும் அதே நாள்.

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஜெபஞானம் வாத்தியார் இருந்த காலம் சார். வலது கையத் தலையச் சுத்திக் கொண்டுபோய் இடது காதைத் தொடணும். தொட்டுட்டா அஞ்சு வயசு ஆச்சுன்னு அர்த்தம். பள்ளிக்கூடம் தொறக்குத தேதி ஜூன் ஒண்ணு. அதையே பொறந்த நாளாப் போட்டுருவாராம். எங்கப்பாவுக்கும் அதுதான்.”

சுவையான தகவல் என்றேன். நான்கு பேரின் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டேன். இத்தனை பேர் ஒரே நாளில் பிறந்தும் நால்வர் மட்டுமே இசைக்குப் போனது ஏன் என்பது ஆராய வேண்டியது.

பேருந்தில் ஒருமுறை வலது கையால் இடது காதைத் தொட்டுப் பார்த்தேன். எட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

மே 10

நிவாசிடம் பள்ளிக்குப் போனதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

மே 13

பேனர் அச்சாகி வந்துவிட்டது. அமலோற்பவத்தின் படம் ஆளுயரத்தில். கீழே ‘இசை பிறந்த நாள் – ஜூன் 1’. நிலையத்திலிருந்து நாள் முழுக்க விளம்பரம் போகிறது. விளம்பரத்தில் ஊரின் பெயரும் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

நிவாஸ் இன்றும் கேட்கவில்லை. நான் அவருக்கு மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தேன்.

மே 18

நிவாஸ் கூப்பிட்டனுப்பினார்.

“சார், எட்டுப் பேரு ஃபோன் பண்ணிட்டாங்க. எல்லாரும் ஆசீர்வாதநேரி, எல்லாருக்கும் ஜூன் ஒண்ணு. ஒருத்தரு மாவு மில்லு. ஒருத்தரு கோழிப்பண்ணை. ‘நானும் அன்னைக்குத்தான் பொறந்தேன், எனக்கும் சால்வை உண்டா’ங்கறாங்க. என்னங்க சார் இது?”

ஜெபஞானம் வாத்தியாரைப் பற்றிச் சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டார். ஒன்பதாம் தேதி என்றேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“ஜவுளிக்கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சா நம்மளைத் தொலைச்சுப்போடுவாங்க சார். ஃபங்ஷனைக் கரோக்கி போட்டியா மாத்திடறேன். அந்தம்மாவுக்கு வேற ஒரு நாள்ல கண்டிப்பா பண்ணலாங்க.”

என்னிடம் 366 அட்டைகள் இருக்கின்றன. வேறு ஒரு நாள் என்பது அவற்றில் எதிலும் இல்லை.

தவறு என்னுடையது, அந்த அம்மாவுடையது அல்ல என்றேன். கைப்பேசியை நிமிர்த்தி வைத்தார்.

“சரிங்க. ஜூன் ஒண்ணுல நெஜமா ஏதாவது நடந்திருக்கோணும். அந்தம்மா சம்பந்தமா. ஒண்ணே ஒண்ணு, ப்ரூஃபோட. கொண்டு வாங்க, நடத்திப்போடலாம்.”

லீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் அன்னைக்கே பால்காரரச் சொன்னேன்லா” என்று மட்டும் சொன்னாள். அவள் இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம். சொல்லாததை இங்கே பதிவு செய்கிறேன்.

மே 20

அமலோற்பவத்திடம் நேரில் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இது தெரியாமயா இருந்தீங்க? எங்க அம்மா சொல்லும், நான் பொறந்தது ஐப்பசி மழையிலன்னு. ஜூன்ல நம்மூர்ல ஏது மழை?”

எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வருத்தப்பட்டேன். தெரிந்தது எப்போது என்று அவரும் கேட்டுவிடக் கூடாதே என்று அஞ்சினேன். கேட்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தார். இருபத்திரண்டு ஆண்டின் டைரிகள். கோரஸ்காரர்கள் தினமும் எந்த ஸ்டுடியோ, எத்தனை மணி, என்ன பாடினோம் என்று எழுதி வைப்பார்களாம். சம்பளத் தகராறு வந்தால் காட்டுவதற்கு. “ஆ 3, ஓ 2, லாலா 1, பாக்கி கைதட்டு” என்பது போன்ற வரிகள். நான் இதுவரை பார்த்த இசை வரலாறுகளில் இதுதான் சுருக்கமானது.

ஜூன் 1ஐ மட்டும் புரட்டினோம்.

1971: காய்ச்சல். போகவில்லை.
1974: புல்லாங்குழல்காரரின் மாமியார் இறந்துவிட்டார். ரத்து.
1976: போனோம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தோம். இயக்குநருக்கு மெட்டு பிடிக்கவில்லை. வந்துவிட்டோம்.
1979: பாடினோம். நன்றாக வந்தது. (வேறு மையில்:) படம் நின்றுவிட்டது.
1983: பாடினோம். (வேறு மையில்:) கோரஸ் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.
1988: கரண்ட் இல்லை.

மற்றவை ஞாயிறு, வேலைநிறுத்தம், அல்லது வெற்றுத்தாள். இருபத்திரண்டு ஜூன் ஒன்றுகளில் இந்த அம்மாவின் குரல் இசைத்தட்டுக்கு ஒரு முறைகூடப் போய்ச் சேரவில்லை.

மே 22

மறுபடி போனேன். 1978 டைரியில் நேற்று முன்தினம் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஊஞ்சல் பாட்டு ஒலிப்பதிவானது மே 29.

மெதுவாக ஆரம்பித்தேன். மே 29க்கும் ஜூன் 1க்கும் இடையில் மூன்றே நாள். அந்தக் காலத்தில் நாடாவில் தேதி தவறாக எழுதுவது சகஜம். ஒலிப்பதிவு ஒரு நாள், குரலையும் வாத்தியங்களையும் கலப்பது இன்னொரு நாள். ஜூன் 1 என்றாலும் பெரிய பிழை ஆகாது என்றேன்.

டைரியை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

“தம்பி, வாத்தியார் என் வயச மாத்துனாரு. நான் சின்னப்பிள்ள, எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நீங்க என் பாட்ட மாத்துதீங்க. இப்ப எனக்கு எல்லாம் தெரியும்லா?”

“இல்லாவிட்டால் விழா நடக்காது, அக்கா.”

“நடக்காண்டாம். பொய் சொல்லித்தான் என் பேரச் சொல்லணும்னா, அன்னைக்கே ஸ்டுடியோ வாசல்ல நின்னு நானே சொல்லிருப்பேன். பொய் சொல்ல எனக்கு ஆள் வேணுமாக்கும்?”

காப்பி கொடுத்தார். சர்க்கரை போட்டிருந்தார். கருப்பட்டி தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

மே 23

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மே 24

அதேதான்.

மே 26

பெருமாள்புரம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வேலை என்னவென்று இப்போது நினைவில்லை. மாடிக் கொடியில் ஒரு பட்டுச்சேலை காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரில் அலசி, நிழலில் போட்டிருந்தார். விழாவுக்கு எடுத்து வைத்ததாக இருக்கும். விழா இல்லை என்று தெரிந்த பிறகும் சேலையை அலசும் மனிதர்களைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

மே 28

நிவாசைப் பார்த்தேன். ஆதாரம் கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லி, ஜூன் 1க்கான எழுத்துப்படியை மேசையில் வைத்தேன். படித்தார்.

“சார், இதுல ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம். இருபத்திரண்டு ஆண்டுக்கு ஆதாரம் இருக்கிறது.”

“அஞ்சு நிமிஷமும் இதையேவா சொல்லப் போறீங்க?”

“நாலரை நிமிடம். கடைசி அரை நிமிடத்தில், மாலை ஆறு மணிக்கு நடக்கும் என்று சொல்கிறேன்.”

இரண்டாம் முறை படித்தார். 1974இல் புல்லாங்குழல்காரரின் மாமியார் வந்ததும் சிரித்தார். 1983 வந்ததும் சிரிப்பு நின்றது. ஜன்னலுக்கு வெளியே பேனரைப் பார்த்தார்.

“‘இசை பிறந்த நாள்’ங்கறதை மட்டும் வெட்டிப்போடறேன். மாவு மில்லுக்காரரு வந்தா நீங்கதான் பேசோணும்.”

பேசுகிறேன் என்றேன். நானும் அந்தப் பதிவேட்டில் பதினேழாவது ஆள்.

எழுத்துப்படியைத் தொலைபேசியில் படித்துக் காட்டியதும், “இதுல பொய் இல்ல, வாரேன்” என்றார் அமலோற்பவம்.

ஜூன் 1

காலை 7.55: இசை வரலாற்றில் இன்று எதுவும் நடக்கவில்லை என்பதை நாலரை நிமிடம் விளக்கிப் படித்தேன். இதுவரை படித்தவற்றில் ஒரு பிழையும் இல்லாத முதல் அட்டை இதுதான் என்று நினைக்கிறேன்.

மாலை: கூடத்தில் முந்நூறு நாற்காலி. நூற்று நாற்பது பேர். மாவு மில்காரர் முதல் வரிசையில். சால்வை கேட்கவில்லை, தானே ஒன்று போர்த்தி வந்திருந்தார்.

தொகுப்பாளன் நான். மேடையேறி அமலோற்பவத்தின் பெயரைச் சொன்னேன். கூடத்தில் கைதட்டல். மறுபடியும் சொன்னேன். பிறகு சால்வை. பிறகு பாட்டு.

கீபோர்டுக்காரர் குனிந்து கேட்டார்: “மேடம், ஊஞ்சல் பாட்டு முழுசாப் பாடுதீங்களா, பல்லவி மட்டுமா?”

“நான் பாடுனதப் பாடுதேன்” என்றார்.

இசை தொடங்கியது. முன்னிசையில் ஒரு நீண்ட ‘ஆ’ வரும். பாடினார். எழுபத்தைந்து வயதுக் குரல். முதல் நொடியில் சற்று நடுங்கி, பிறகு நேராக நின்றது. எனக்கு அடையாளம் தெரிந்தது. இந்த முறை சந்தேகமில்லை.

பல்லவி வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வலது கை விரல்களால் சேலைமேல் தட்டி எண்ணிக்கொண்டு நின்றார். கீபோர்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மறந்துவிட்டார் என்று கூடம் நினைத்தது. பல்லவி முடிந்த இடத்தில், மிகச் சரியாக, இரண்டு ‘ஓ’. மறுபடி மௌனம். அனுபல்லவி முழுவதும் எண்ணினார். பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ, “பாட்டிக்குப் பாட்டு மறந்துட்டுடே” என்றார்கள். நிவாஸ் ஓரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் அசையவில்லை. அது அமலோற்பவத்தின் பாட்டல்ல. நடுவில் இருப்பதை அவர் ஒரு நாளும் பாடியதில்லை. மற்றவர் வரிகளுக்கு இடம் விட்டு நின்றுதான் அவருக்குப் பழக்கம்.

சரணம் தொடங்கும்போது ஏழாவது வரிசையில் ஒரு பெண் குரல் முதல் வரியை எடுத்தது. சுருதி கொஞ்சம் குறைவு. முப்பத்து நான்கு ஆண்டாக என் வீட்டில் அந்தக் குரல் பாடி நான் கேட்டதில்லை. பாடியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வரியில் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். மூன்றாவதில் மாவு மில்காரர். அதற்குப் பிறகு யார் பாடவில்லை என்று எண்ணுவதுதான் எளிதாக இருந்தது. யாருக்கும் வரி மறக்கவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கூடம் மொத்தமும் வாயை மூடிக் காத்திருந்தது. அவர் தன் ‘ஆ’வை வைத்தார். பிறகு கூடம் பாடியது. நான்கு நிமிடம் பத்து வினாடி. அதில் அவர் குரல் ஐம்பத்தெட்டு வினாடி.

முடிந்ததும் படியில் கைபிடித்து இறக்கினேன்.

“எல்லாரும் நல்லாத்தான் பாடுனாவ” என்றார். “ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டாவ.”

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

கடைசிப் படியில் நின்று, சால்வையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: “ஒரு தடவ போதும்னேன். ரெண்டு தடவ சொன்னீங்களே, தம்பி?”

முதல் தடவை மைக் வேலை செய்யவில்லை என்றேன்.

அது உண்மையல்ல.